முதற்படத்தின் சாட்சிகள்: காட்ஸில்லா திரைப்பட வரிசையில் தொடர்ச்சியும் மறதியும்

ஆய்வுச் சுருக்கம்

ஜப்பானின் தோஹோ நிறுவனம் 1954 முதல் 2023 வரை, அசைவூட்டப் படங்கள் நீங்கலாக, முப்பது காட்ஸில்லா திரைப்படங்களை வெளியிட்டுள்ளது. இப்படங்களுக்கிடையே கதைத் தொடர்ச்சி பலமுறை அறுபட்டுள்ளது. இவ்வறுபடல்கள் அனைத்தையும் வணிகக் கவனக்குறைவு என ஒதுக்கும் கருத்து போதுமானதன்று. 1954ஆம் ஆண்டு நிகழ்வை யார் நினைவில் வைத்திருக்கிறார், எவ்வாறு வைத்திருக்கிறார் என்னும் வினாவே இவ்வரிசையை இணைத்துச் செல்கிறது என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்ட முயல்கிறது. தண்டியலங்காரம் தரும் பொருள்தொடர்நிலை, சொற்றொடர்நிலை ஆகிய பாகுபாடுகள் ஆய்வுக் கருவிகளாகக் கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: காட்ஸில்லா, தோஹோ, திரைப்பட வரிசை, தொடர்நிலை, அந்தாதி, சாட்சி, அணுகுண்டு, நினைவு.

முன்னுரை

நீண்ட திரைப்பட வரிசைகளை ஆராய்வோர் முதலில் எதிர்கொள்வது வகைப்படுத்தற் சிக்கலாகும். ஒரே பெயரில் வரும் படங்கள் அனைத்தும் ஒரே கதையைச் சொல்கின்றனவா, அல்லது ஒரே உருவத்தைப் பற்றிய தனித்தனிக் கதைகளா? தமிழ் அணியிலக்கணம் இவ்வினாவை வேறொரு களத்தில் முன்பே எழுப்பியுள்ளது. தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என நான்காகப் பகுத்து, தொடர்நிலையைப் பொருளால் தொடர்வது, சொல்லால் தொடர்வது என இரண்டாக்குகிறது. காப்பியம் முன்னதற்கும் அந்தாதி பின்னதற்கும் சான்றாகும். அந்தாதியில் ஒரு பாடலின் ஈறு அடுத்த பாடலின் முதலாகிறது. பாடல்கள் ஒரு கதையாகத் தொடர வேண்டுவதில்லை. இப்பாகுபாட்டைத் திரைப்படத்தின் மீது அப்படியே பொருத்துவது மிகையாகும். எனினும், தொடர்ச்சி என்பது கதைத் தொடர்ச்சி ஒன்றே என்னும் பழக்கத்திலிருந்து விடுபட இது உதவுகிறது.

காட்ஸில்லா படங்கள் பொதுவாக நான்கு காலப்பகுதிகளாகப் பிரிக்கப்படுகின்றன. 1954 முதல் 1975 வரையிலான பதினைந்து படங்கள் ஷோவா வரிசை; 1984 முதல் 1995 வரையிலான ஏழு படங்கள் ஹெய்செய் வரிசை; 1999 முதல் 2004 வரையிலான ஆறு படங்கள் மில்லெனியம் வரிசை. 2016, 2023ஆம் ஆண்டுப் படங்கள் தனித்து நிற்பன. அமெரிக்க நிறுவனங்களின் படங்கள் இக்கணக்கில் சேரா. ஒவ்வொரு காலப்பகுதியும் முந்தையதைத் துறந்து தொடங்குகிறது. மில்லெனியம் வரிசையிலோ, ஏறத்தாழ ஒவ்வொரு படமுமே அவ்வாறு தொடங்குகிறது.

இரண்டு இறுதி விருப்பங்கள்

இஷிரோ ஹோண்டா இயக்கிய முதற்படம் 1954 நவம்பர் 3ஆம் நாள் வெளியானது. அவ்வாண்டு மார்ச் 1ஆம் நாள் பிகினி பவளத்தீவில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் கதிர்வீச்சுத் துகள்கள் ஐந்தாம் எண் ஃபுகுர்யூ மாரு என்னும் ஜப்பானிய மீன்பிடிப் படகின் மீது விழுந்தன. படத்தின் தொடக்கத்தில் கடலில் எரிந்து மூழ்கும் எய்கோ மாரு என்னும் கப்பலைக் கண்ட ஜப்பானியப் பார்வையாளருக்கு அப்படகு நினைவுக்கு வராமல் இருந்திருக்க இயலாது.

இப்படத்தின் முடிவில் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு விருப்பங்கள் உள்ளன. ஆக்சிஜன் அழிப்பானைக் கண்டுபிடித்த செரிசாவா தம் குறிப்புகளை எரித்துவிட்டு, காட்ஸில்லாவுடன் டோக்கியோ விரிகுடாவின் அடியிலேயே உயிர்விடுகிறார். தம் அறிவு எவருக்கும் தொடரக்கூடாது என்பது அவர் விருப்பம். தொல்லுயிரியல் அறிஞர் யமானேவோ, இது கடைசிக் காட்ஸில்லாவாக இருக்காது. அணுச்சோதனைகள் தொடர்ந்தால் உலகின் வேறெங்கோ இன்னொன்று தோன்றக்கூடும் என எச்சரிக்கிறார். ஒருவர் தொடர்ச்சியை அறுக்கிறார். மற்றவர் தொடர்ச்சியை அஞ்சுகிறார். பின்வந்த இருபத்தொன்பது படங்களும் இவ்விரு விருப்பங்களுள் ஏதேனும் ஒன்றைக் காத்தோ மீறியோ அமைகின்றன.

யமானேயின் கூற்றில் கருதத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. அவர் இறந்த விலங்கு மீண்டும் எழும் என்று சொல்லவில்லை. அதை உண்டாக்கிய காரணம் நீடிக்கும் என்கிறார். தொடர்வது உடல் அன்று, காரணம். அடுத்த படமாகிய 'காட்ஸில்லா மீண்டும் தாக்குகிறது' (1955) இதைச் சரியாகவே புரிந்துகொண்டது. அதில் வருவது இரண்டாவது காட்ஸில்லா. யமானே ஒசாகா அதிகாரிகளுக்கு முதற் காட்ஸில்லாவின் அழிவுக் காட்சிகளைத் திரையிட்டுக் காட்டுகிறார். ஒலியின்றி ஓடும் அப்படச்சுருளின் முன் எவரும் பேசுவதில்லை. முதற்படம் இங்கு இரண்டாம் படத்தின் உள்ளேயே சான்றாவணமாகிறது. ஒடா மொட்டோயோஷி இயக்கிய இப்படத்தைப் பல நிலைகளில் பலவீனமானது எனலாம். ஆயினும் இவ்வொரு காட்சி இவ்வரிசையின் அரிய காட்சிகளுள் ஒன்று.

ஈறு முதலாதல்

1955ஆம் ஆண்டுப் படத்தின் முடிவில் காட்ஸில்லா பனிச்சரிவில் புதையுண்டது. 1962இல் வந்த 'கிங் காங் எதிர் காட்ஸில்லா'வில் அது பனிப்பாறையிலிருந்து வெளிப்பட்டது. ஏழாண்டு இடைவெளியில் கதைமாந்தர், நகைச்சுவைத் தொனி, வண்ணம் என அனைத்தும் மாறிவிட்டன. தொடர்வது பனி மட்டுமே. முதற்படத்தின் சொல்லாடல்களுள் எதுவும் இங்கு இல்லை. யமானேயைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. இதுவே அந்தாதித் தொடர்ச்சியாகும்: முந்தைய படம் விட்ட இடத்தை அடுத்த படம் தொட்டுக்கொள்கிறது, பொருளை எடுத்துச் செல்வதில்லை.

ஷோவா வரிசையின் நடுப்பகுதி முழுவதும் இம்முறையிலேயே அமைகிறது. 1964இல் மோத்ராவின் இரட்டைப் புழுக்கள் காட்ஸில்லாவை வென்றன. அவ்வாண்டு இறுதியில் வந்த 'மூன்றுதலைக் கிடோரா'வில் ஒரு புழுவே எஞ்சியுள்ளது. மற்றொன்று இறந்துவிட்டதாக ஒரு வரியில் சொல்லப்படுகிறது. இத்தகைய சிறு இணைப்புகளில் கவனமாக இருந்த வரிசை, பெரிய மாற்றத்தை விளக்கமின்றியே நிகழ்த்திவிட்டது. நகரங்களை அழித்த விலங்கு, மோத்ராவின் வேண்டுகோளுக்கு இணங்கி உலகின் காவலனாகிறது. தீவின் சிறு பெண்கள் இருவர் விலங்குகளின் உரையாடலை மொழிபெயர்த்துச் சொல்லும் அக்காட்சி இன்றும் சுவை குன்றாதது. ஆனால் 1954இல் இறந்தவர்களின் சார்பில் அவ்வுரையாடலில் பேச எவரும் இல்லை.

'அனைத்து விலங்குகளையும் அழியுங்கள்' (1968) இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் நிகழ்வதாக அமைக்கப்பட்டது. அதன்பின் 1975 வரை வந்த படங்கள் சமகாலத்திலேயே நிகழ்கின்றன. எனவே கதைக்காலப்படி ஷோவா வரிசையின் கடைசி நிகழ்வு, வெளியீட்டு வரிசையில் ஒன்பதாவதான படத்தில் உள்ளது. இதைப் பிழை என்பதைவிட, காலவரிசை பற்றிய அக்கறையின்மை எனக் கொள்வதே பொருந்தும். இக்காலத்தில் செலவைக் குறைக்கப் பழைய படங்களின் அழிவுக் காட்சிகள் புதிய படங்களில் வெட்டி ஒட்டப்பட்டன. 1969, 1972, 1973ஆம் ஆண்டுப் படங்களில் இது வெளிப்படை. 1955இல் சான்றாக ஓடிய பழைய படச்சுருள், 1972இல் நிகழ்காலக் காட்சியாக வேடமிடுகிறது. ஒரே செயல், முன்னது நினைவூட்டல், பின்னது சிக்கனம். படச்சுருள் தொடர்ந்துவிட்டது, சாட்சியம் தொடரவில்லை.

அமெரிக்க வடிவங்களில் மறைந்த காரணம்

சாட்சியம் அறுபட்டது ஜப்பானில் மட்டுமன்று. 1956இல் அமெரிக்காவில் வெளியான மறுபதிப்பில் ரேமண்ட் பர் நடித்த செய்தியாளர் பாத்திரம் புதிதாகச் சேர்க்கப்பட்டது. அவ்வடிவில் யமானேயின் இறுதி எச்சரிக்கை நீக்கப்பட்டு, உலகம் அச்சம் நீங்கி மீண்டும் வாழலாம் என்னும் பொருள்பட அச்செய்தியாளரின் குரல் ஒலிக்கிறது. வரிசையின் தொடர்ச்சிக்கு வித்தான கூற்றே வரிசையை உலகுக்கு அறிமுகப்படுத்திய வடிவில் இல்லாமற் போனது குறிப்பிடத்தக்க முரண்.

இதனினும் ஆழமான மாற்றம் அறுபதாண்டுகளுக்குப் பின் நிகழ்ந்தது. லெஜண்டரி நிறுவனத்தின் 'காட்ஸில்லா' (2014) தொடங்கி 2024 வரை வந்த படங்கள் கதைத் தொடர்ச்சியில் மிகுந்த ஒழுங்குடையன. மாந்தர், அமைப்புகள், நிகழ்ச்சிகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டுள்ளன. அறிவியலாளர் ஒருவருக்கு செரிசாவா என்னும் பெயரும் உண்டு. ஆனால் 2014ஆம் ஆண்டுப் படம் பசிபிக் அணுச்சோதனைகள் உண்மையில் சோதனைகளே அல்ல, அவ்விலங்கைக் கொல்ல எடுத்த முயற்சிகள் என்கிறது. முதற்படத்தில் குண்டு விலங்கை எழுப்பியது. இங்கு விலங்கு குண்டுக்கு நியாயமாகிறது. பொருள்தொடர்நிலை பழுதின்றி அமைந்த ஒரு வரிசையே முதற்படத்தின் பொருளை முழுமையாகத் தலைகீழாக்கிவிட்டது. தொடர்ச்சி குறைவதால் நினைவு குறையும் என்ற எளிய கணக்கு இங்கு பொய்க்கிறது.

ஹெய்செய் வரிசை: காரணத்தைத் திருத்துதல்

1984ஆம் ஆண்டு வெளியான 'காட்ஸில்லாவின் மீள்வருகை' முதற்படம் தவிர்ந்த ஷோவா படங்கள் அனைத்தையும் விலக்கியது. அதில் வரும் பேராசிரியர் ஹயாஷிடா, முப்பதாண்டுகளுக்கு முன் நிகழ்ந்த தாக்குதலில் பெற்றோரை இழந்தவர். இருபதாண்டுகளாக வரிசையில் இடமற்றுப் போயிருந்த இழப்பாளர் இவர் வழியாக மீண்டும் திரைக்கு வருகிறார். காட்ஸில்லாவின் மீது அணுகுண்டு வீச அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் அனுமதி கேட்க, ஜப்பானியப் பிரதமர் மறுக்கும் காட்சி இப்படத்தின் மையம். காரணம் பற்றிய பேச்சும் அதனுடன் மீள்கிறது.

இவ்வரிசை தோஹோ படங்களிலேயே மிகக் கட்டுக்கோப்பானது. 1984இல் மிஹாரா எரிமலையில் வீழ்ந்த காட்ஸில்லா 1989இல் அங்கிருந்தே எழுகிறது. 1989இல் அதன் உடலில் செலுத்தப்பட்ட நுண்ணுயிரி 1991லும் அதன் வலுவைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. 1991இல் கடலில் வீழ்ந்த இயந்திரக் கிடோராவின் சிதைவுகளிலிருந்து 1993இல் மெக்காகாட்ஸில்லா உருவாகிறது. மெகுமி ஒடாகா நடித்த மிகி சாயெகுசா என்னும் உளவியல் ஆற்றலுடைய பெண் தொடர்ந்து ஆறு படங்களில் வருகிறாள். ஈறு முதலாகும் அந்தாதி முறையும் பொருள் தொடரும் முறையும் இங்கு இணைகின்றன.

ஆயினும் கசுகி ஒமோரி இயக்கிய 'காட்ஸில்லா எதிர் கிங் கிடோரா' (1991) இக்கட்டுக்கோப்பின் அடித்தளத்தையே அசைத்துவிடுகிறது. எதிர்காலத்திலிருந்து வருவோர் 1944ஆம் ஆண்டுக்குச் சென்று, பின்னாளில் காட்ஸில்லாவாக மாறவிருந்த தொல்விலங்கை லாகோஸ் தீவிலிருந்து பெரிங் கடலுக்கு அகற்றுகின்றனர். அணுச்சோதனைக்கு இலக்காகாத அது, கடலில் மூழ்கிய அணு நீர்மூழ்கிக்கப்பலால் எப்படியும் காட்ஸில்லாவாகிவிடுகிறது. அவ்வாறாயின் 1954இல் டோக்கியோவை அழித்தது எது? படம் விடையளிக்கவில்லை. பின்வந்த படங்கள் இம்மாற்றம் நிகழாதது போலவே முதல் நிகழ்வை நினைவுகூர்கின்றன. இம்முரணுக்கு இரசிகர்கள் தந்த விளக்கங்கள் பல. அவற்றைத் தொகுப்பது இங்கு நோக்கமன்று.

முரணைவிட முரண் தேர்ந்தெடுத்த இடமே ஆய்வுக்குரியது. லாகோஸ் தீவில் அத்தொல்விலங்கு அமெரிக்கப் படைகளை விரட்டி, அழிவின் விளிம்பிலிருந்த ஜப்பானியக் காவற்படையைக் காக்கிறது. படைத்தலைவன் ஷிண்டோ அதற்கு வணக்கம் செலுத்துகிறான். போருக்குப் பின் அவனே பெருந்தொழிலதிபராகி, நாட்டின் வளத்துக்கு அடையாளமாகிறான். அமெரிக்கக் குண்டால் பிறந்த விலங்கு, ஜப்பானியப் போர்வீரனின் நன்றிக்கடனாக மாற்றி எழுதப்படுகிறது. இறுதியில் முதிய ஷிண்டோவும் காட்ஸில்லாவும் உயர்ந்த கட்டடம் ஒன்றின் சாளரம் வழியே ஒருவரையொருவர் நோக்குகின்றனர். முதியவரின் கண்கள் கலங்குகின்றன. காட்ஸில்லா அக்கட்டடத்தை அழிக்கிறது. காரணத்தைத் திருத்த முயன்ற படம், அத்திருத்தத்துக்குத் தானே தண்டனையும் அளித்துவிடுகிறது. தருக்கத்தில் தோற்ற இப்படத்தின் வலிமை இக்காட்சியிலேயே உள்ளது.

'காட்ஸில்லா எதிர் டெஸ்டொராயா' (1995) செரிசாவாவின் விருப்பத்தைக் கையிலெடுக்கிறது. 1954இல் பயன்பட்ட ஆக்சிஜன் அழிப்பானால் டோக்கியோ விரிகுடாவின் அடியில் உறங்கிய நுண்ணுயிர்கள் திரிந்து டெஸ்டொராயா ஆகின்றன. குறிப்புகளை எரித்துத் தம்மையும் மாய்த்துக்கொண்ட அறிவியலாளரின் தியாகம், அவர் அறியாமலே ஒரு விளைவை விட்டுச்சென்றுள்ளது. முதற்படத்தில் எமிகோவாக நடித்த மோமோகோ கோச்சி, நாற்பத்தோராண்டுகளுக்குப் பின் அதே எமிகோவாக இதில் தோன்றுகிறார். அவர் வரும் காட்சிகள் சிலவே. எனினும், பழைய நடிகர்களை வேறுவேறு பாத்திரங்களில் திரும்பத்திரும்பப் பயன்படுத்திய இவ்வரிசையில், நடிகரும் பாத்திரமும் ஒன்றாகவே முதுமையடைந்து திரும்புவது தனிச்சிறப்புடையது. செரிசாவாவை நேரில் அறிந்தவர் ஒருவர் இன்னும் உயிரோடிருக்கிறார் என்பதே இப்படத்தின் எடை.

மில்லெனியம் வரிசை: எலும்பும் ஆவியும்

மில்லெனியம் வரிசையின் படங்கள் பலவும் 1954ஐ மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் துறக்கின்றன. ஒரே தொடக்கத்துக்கு வெவ்வேறு பின்கதைகள் எழுதும் பயிற்சி போல இவை தோன்றலாம். 'காட்ஸில்லா எதிர் மெகாகுய்ரஸ்' (2000) அந்த ஒன்றையும் மாற்றிவிடுகிறது. அதில் முதற் காட்ஸில்லா இறக்கவேயில்லை. தலைநகர் ஒசாகாவுக்கு மாற்றப்படுகிறது. 1954ஆம் ஆண்டுக் காட்சிகள் புதிய காட்ஸில்லா உடையுடன் மீண்டும் படமாக்கப்பட்டுள்ளன. செரிசாவா இல்லாத 1954 அது. படம் இவ்வாய்ப்பைக் கொண்டு பெரிதாக எதையும் செய்யவில்லை.

ஷுசுகே கனேகோ 2001இல் இயக்கிய படம் வேறுவகை. இதில் காட்ஸில்லாவை இயக்குவன பசிபிக் போரில் மாண்டோரின் ஆவிகள். தம்மை மறந்துவிட்ட ஜப்பான் மீது அவை சினங்கொண்டுள்ளன. அத்துடன், 1954இல் காட்ஸில்லாவை வீழ்த்தியது தற்காப்புப் படையே என்னும் அதிகாரபூர்வ வரலாறு பொய்யென்பதும் வெளிப்படுகிறது. பார்வையாளர் செரிசாவாவை அறிவர். படத்தின் மக்கள் அறியார். வரிசையின் தொடர்ச்சி ஓர் அரசின் மறைப்புக்குள் வைக்கப்பட்டிருப்பது கனேகோவின் கூர்மையான கண்டுபிடிப்பு. பெற்றோரை 1954இல் இழந்த தளபதி தச்சிபானா, தாம் சார்ந்த நிறுவனத்தின் பொய்க்கும் தம் இழப்புக்கும் இடையில் நிற்கிறார்.

மசாகி தெசுகா இயக்கிய 2002, 2003ஆம் ஆண்டுப் படங்கள் இணைந்து ஒரு கதையாகின்றன. கடலடியிலிருந்து எடுத்த முதற் காட்ஸில்லாவின் எலும்புக்கூட்டைச் சுற்றிக் கிரியூ என்னும் போர் இயந்திரம் கட்டப்படுகிறது. புதிய காட்ஸில்லாவின் முழக்கம் கேட்டதும் எலும்பு தன்னை நினைவுகூர்ந்து, கிரியூ தன்னைக் கட்டியோரின் நகரையே தாக்குகிறது. 2003ஆம் ஆண்டுப் படத்தில் சிறு பெண்கள் இருவர் வந்து, இறந்ததன் எலும்பைக் கடலுக்கே திருப்பித் தருமாறு கேட்கின்றனர். அவர்கள் வந்து நிற்பது 1961ஆம் ஆண்டின் 'மோத்ரா'வில் ஹிரோஷி கொய்சுமி நடித்த அதே சுஜோவின் இல்லத்தில், நடிப்பவரும் அவரே. தொடர்ச்சி என்பது இங்கு உருவகமன்று, பொருள்வடிவான எலும்பு. அதை வைத்திருக்க உரிமை யாருக்கு என்பதே வழக்கு. கிரியூ தானே காட்ஸில்லாவைத் தழுவி ஆழ்கடலுக்குச் செல்வதன் மூலம் அவ்வழக்கை முடிக்கிறது. விமர்சகர் பலரும் கனேகோவின் படத்துக்குத் தரும் இடத்தை இவ்விரு படங்களுக்குத் தருவதில்லை. முதற்படத்தின் இறப்பை இறப்பாகவே மதித்தவை என்ற அளவில் இவை அவ்விடத்துக்கு உரியன.

சாட்சியற்ற தொடக்கங்கள்

ஹிதெயாகி அன்னோவும் ஷின்ஜி ஹிகுச்சியும் இயக்கிய 'ஷின் காட்ஸில்லா' (2016) தோஹோவின் திரைப்பட வரிசையில் 1954ஐயும் துறந்த முதற்படம். 2011ஆம் ஆண்டு நிலநடுக்கம், ஆழிப்பேரலை, புகுஷிமா அணுவுலை விபத்து ஆகியவற்றுக்குப்பின் எழுந்த இப்படத்தில் எந்த அமைச்சரும் இத்தகைய ஒன்றைக் கண்டதில்லை, கேட்டதில்லை. கூட்டங்கள் நீள்கின்றன, முன்னுதாரணம் இல்லை என்பதே அதிகாரிகளின் முதல் தடை. முன்படங்கள் அழிக்கப்பட்டதால்தான் இவ்வங்கதம் இயலுகிறது. ஆனால் சொல்லளவில் தொடர்ச்சி உண்டு. தொடக்கத்தில் ஆளின்றி மிதக்கும் படகின் பெயர் குளோரி மாரு. 1954இல் மூழ்கிய எய்கோ மாருவின் பெயருக்கும் 'மகிமை' என்பதே பொருள். அகிரா இஃபுகுபேயின் பழைய இசையும் ஒலிக்கிறது. அந்தாதி போலச் சொல் தொடர, பொருள் புதிதாகத் தொடங்குகிறது.

தகாஷி யமாசாகியின் 'காட்ஸில்லா மைனஸ் ஒன்' (2023) 1954க்கும் முன்னே செல்கிறது. 1945இல் ஓடோ தீவில் தோன்றும் விலங்கு, 1946ஆம் ஆண்டின் பிகினி அணுச்சோதனையால் பேருருவாகி, 1947இல் கின்ஸாவை அழிக்கிறது. இரயிலைக் கவ்வித் தூக்குவதும், கட்டடத்தின் மேல்நின்று ஒலிபரப்பும் செய்தியாளர்கள் வீழ்வதும் முதற்படத்தை அறிந்தவர்க்கு உடனே தெரியும். அச்சோதனையையும் அமெரிக்காவையும் படம் ஒரு சில காட்சிகளில் கடந்துவிடுகிறது. அதன் அக்கறை, தன் வீரர்களின் உயிரை மதியாத ஜப்பானிய அரசின் மீதே உள்ளது. உயிர்பிழைத்த தற்கொலைப்படை விமானி ஷிகிஷிமாவுக்குத் தன் போர் முடியவில்லை. அவனது குற்றவுணர்வே படத்தின் அச்சு. இவ்வளவில் படம் வலிமையானது. ஆனால் யமானேயின் கூற்றைச் சொல்ல இங்கு எவரும் இல்லை. சகாமி விரிகுடாவில் அரசின் துணையின்றிப் பொதுமக்களே வென்ற வெற்றி, காரணத்தைப் பற்றிய வினாவை எழுப்பாமலே அமைதியடைகிறது.

முடிவில் ஷிகிஷிமா மருத்துவமனையில் நோரிகோவைத் தழுவிக்கொள்கிறான். அவளது கழுத்தில் கரிய தடம் ஒன்று பரவுகிறது. கடலடியில் சிதைந்த தசைத்துண்டொன்று மீண்டும் உயிர்கொள்ளத் தொடங்குகிறது. 1954இல் இவ்வச்சத்தைக் கப்பற்தளத்தில் நின்று ஓர் அறிஞர் தம்மைச் சுற்றியோர் கேட்கச் சொன்னார். இங்கு படத்தின் மாந்தருள் எவரும் அதைச் சொல்வதுமில்லை, கடலடியைக் காண்பதுமில்லை. காண்போர் திரையரங்கில் இருப்போர் மட்டுமே.